விண்ணப்பப் படிவமும் ஒரு போராட்டக் களம்தான்

(திண்டுக்கல்லில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய மாணவர்களிடமும் பெற்றோரிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம்' என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எந்தப் படிப்புக்கு எவ்வளவு சம்பளம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஏதாவது ஒரு தனியார் கல்லூரியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறவர்கள். நான் அதைப் பேசப்போவதில்லை. நீங்கள் எடுக்கப்போகிற மதிப்பெண்ணுக்கும் உட்காரப்போகிற வகுப்பறைக்கும் நடுவில் மூன்று மாதம் இருக்கிறது. ஏப்ரலில் தொடங்கி ஜூலை, ஆகஸ்ட் வரை போகிற அந்த மாதங்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பேசப்போகிறேன். நம் பிள்ளைகள் தேர்வில் தோற்பதைவிட அந்த மூன்று மாதத்தில் தோற்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மதிப்பெண் உங்களைத் தகுதியுள்ளவராக ஆக்கும். ஆனால் இடத்தைக் கையில் கொடுப்பது சான்றிதழ், தேதி, பணம் ஆகிய மூன்றும்தான். மூன்று தலைமுறையாகப் பட்டம் வாங்கிய வீட்டில் இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. மாமா சொல்லிவிடுவார், அத்தை விண்ணப்பம் போட்டுவிடுவார், பக்கத்து வீட்டுப் பேராசிரியர் எந்தக் கல்லூரியை முதலில் எழுத வேண்டும் என்று பார்த்துச் சொல்வார். அந்தப் பிள்ளைக்கு நல்ல கல்லூரி கிடைத்ததும் அதற்கு 'தகுதி, திறமை' என்று பெயர் வைப்பார்கள். அப்பா தோல் ஷாப்பில் கூலி, அம்மா நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போகிறவர் என்றால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் செய்திகளைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நிலமும் வீடும் மட்டும் பரம்பரைச் சொத்து இல்லை. தகவலும் பரம்பரைச் சொத்துதான்.

கல்லூரிச் சேர்க்கை என்பது வீட்டுக்குள் முடிகிற சொந்த விவகாரம் இல்லை என்பதற்கு நம் வரலாறே சாட்சி. அன்றைய சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்கள் இருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பகிர்ந்தார்கள். இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் செண்பகம் துரைராஜன். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விண்ணப்பம் போடாமலேயே வழக்கில் வென்றார். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. பெரியார் நடத்திய கிளர்ச்சியும் மக்கள் எழுச்சியும் தில்லிக்குக் கேட்டன. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டு 15(4) வந்தது. ஆக, இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கே கல்லூரிச் சேர்க்கைதான் ஒரு காரணம். நீங்கள் நிரப்பப்போகிற படிவத்தில் 'வகுப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதற்குப் பின்னால் இவ்வளவு பேருடைய உழைப்பு இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. மீதி 31. அந்த 31 யாருக்கு? இந்தக் கேள்வியை நான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன். 'அது எஃப்.சி.க்கு சார்' என்று நம் பிள்ளைகளே சொல்கிறார்கள். இல்லை. அது பொதுப்போட்டி. எல்லாருக்கும் பொது. கட்-ஆஃப் இருந்தால் பறையர் வீட்டுப் பிள்ளையும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் முதலில் போக வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு விருப்பத்துக்கும் முதலில் பொதுப்போட்டியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் உங்கள் வகுப்புக்கான இடத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பொதுப்போட்டியில் இடம் எடுத்தால், உங்கள் வகுப்புக்குரிய இடம் இன்னொரு நம் வீட்டுப் பிள்ளைக்கு மிச்சமாகும். 'நமக்கு 18தான்' என்று நினைப்பது, நமக்குத் திறந்திருக்கிற கதவை நாமே சாத்திக்கொள்வது.

அருந்ததியர் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 2009இல் வந்த சட்டப்படி அந்த 18க்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு. அந்த 3 நிரம்பிய பிறகும் மீதியுள்ள பட்டியல் சாதி இடங்களில் மதிப்பெண் அடிப்படையில் போட்டியிட உரிமை உண்டு. உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் சாதிச் சான்றிதழில் வெறுமனே 'ஆதிதிராவிடர்' என்று இருந்தால் இந்த உரிமை உங்களுக்குக் கிடைக்காது. இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சான்றிதழை எடுத்து, சாதிப் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

சான்றிதழ் என்றால் நம் மாவட்டத்தில் ஒரு பெரிய கதை. பட்டியல் சாதிச் சான்றிதழ் கொடுப்பவர் வட்டாட்சியர். பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பவர் கோட்டாட்சியர். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைச் சிறுமலையிலும் கொடைக்கானல் மலையிலும் வாழ்கிற பளியர் மக்களைக் கேட்டால் தெரியும், சமவெளியில் வாழ்கிற காட்டுநாயக்கர் மக்களைக் கேட்டால் தெரியும். பக்கத்தில் மதுரை பரவை சத்தியமூர்த்தி நகரில் 2024இல் காட்டுநாயக்கர் சமூகத்துப் பிள்ளைகள் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுப் பள்ளிக்கூடத்தையே புறக்கணித்துப் போராடினார்கள். பாடம் படிக்க வேண்டிய பிள்ளை, 'நான் யார்' என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்கத் தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பிறகு பழங்குடிச் சான்றிதழுக்கு மனுப் போட்டால் அந்த ஆண்டு போய்விடும். பத்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

திண்டுக்கல்லைச் சுற்றிக் கிறித்தவத் தலித் மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். கிறித்தவர்களுக்கு இன்றும் கதவு திறக்கவில்லை. தெரு அதே தெரு, தீண்டாமை அதே தீண்டாமை, ஆனால் கலந்தாய்வில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். இது அநீதி. ஒரு விசயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். இடஒதுக்கீட்டில் பி.சி. என்று வைத்தாலும், ஆதிதிராவிடர் நலத்துறை வழங்குகிற உயர்கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்களையும் தமிழ்நாடு அரசு சேர்த்திருக்கிறது. 'நாமதான் பி.சி. ஆச்சே' என்று இதை விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. விடாதீர்கள்.

அடுத்தது பணம். இங்கேதான் நம் மக்களை மொத்தமாக ஏமாற்றுகிறார்கள்.

மே மாதம் வந்தால் புரோக்கர்கள் ஊருக்குள் வருவார்கள். தலித் குடியிருப்புகளைத் தேடியே வருவார்கள். வேடசந்தூர் பக்கம் ஓர் அம்மா என்னிடம் சொன்னது இது. கணவர் இல்லை. மகன் நல்ல மதிப்பெண். கலந்தாய்வுக்குப் போயிருந்தால் தாராளமாக இடம் கிடைத்திருக்கும். 'அக்கா, நீங்க எங்கயும் அலைய வேணாம். ஒரு பைசா கட்ட வேணாம். எஸ்.சி. ஸ்காலர்ஷிப்புல எல்லாம் முடிஞ்சிரும். ஒரிஜினல் மட்டும் குடுங்க' என்று ஒருவர் வந்து, எல்லா அசல் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு போய் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டார். இரண்டாவது ஆண்டில்தான் தெரிந்தது, அது நிர்வாக ஒதுக்கீடு, அதாவது மேனேஜ்மெண்ட் கோட்டா. உதவித்தொகை வரவில்லை. மொத்தப் பணத்தையும் கட்டு என்றார்கள். பையன் படிப்பை விட்டுவிட்டு மில்லுக்குப் போகிறான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அலைய வைத்தவனுக்குக் கமிஷன்.

எனவே இதை நன்றாக மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்கள் தனியார் கல்லூரியில் படித்தாலும் கட்டணத்தை அரசு ஏற்கும் என்று 2012இல் அரசாணை 92 வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் இந்த உரிமை கலந்தாய்வு வழியாக, அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே பெஞ்சு. ஆனால் எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள் என்பதுதான் நான்கு ஆண்டுக்கான கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. எந்தக் கல்லூரியில் சேர்வதாக இருந்தாலும், 'இது கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மெண்ட் சீட்டா' என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முன்பணம் கட்டச் சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் 2021 வழிகாட்டுதலில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்று ஒன்று சொல்லியிருக்கிறார்கள். தகுதியுள்ள பட்டியல் சாதி மாணவர், முன்பணம் கட்டாமல் சேர்வதற்கான அட்டை அது. உதவித்தொகை இப்போது மாணவருடைய வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. அந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இப்போதே வங்கிக்குப் போய் இணைத்துவிடுங்கள். பணம் கணக்கில் விழுந்ததும் கல்லூரிக்கான பங்கை உடனே கட்டிவிட வேண்டும். அப்பாவின் கந்துக் கடனுக்கு அதை எடுத்தால் அடுத்த ஆண்டு கல்லூரி வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

அசல் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. சேர்ந்த பிறகு வேறு நல்ல இடம் கிடைத்து விலகினால், எத்தனை நாளுக்குள் விலகினால் எவ்வளவு கட்டணம் திரும்பத் தர வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. கெஞ்சிக் கேட்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை இடம் இருக்கிறது. 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளியும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது. இந்த ஊரில் உதவிபெறும் பள்ளிகள் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன். நம்பி ஏமாறக் கூடாது.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லையா? முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள். வருமானச் சான்றிதழும் சேர்த்து இ-சேவை மையத்தில் இப்போதே மனுக் கொடுங்கள். தேர்வு முடிவு வந்த வாரத்தில் எல்லாரும் அங்கே வரிசையில் நிற்பார்கள், சர்வரும் படுத்துவிடும்.

இப்போது தேதி. மதுரைச் சாலையில் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1956இல் கிராமத்து மக்களின் உயர்கல்விக்காகவே தொடங்கிய நிறுவனம். மத்திய அரசு நிதியில் நடப்பது, கட்டணமும் குறைவு. நம் பிள்ளைகள் பேருந்தில் போகும்போது அதன் வாசலைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் 2022 முதல் அங்கே இளநிலைப் படிப்புகளுக்கு 'கியூட்' என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. அதற்கு விண்ணப்பிக்கிற காலம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தேர்வு முடிந்து, முடிவு வந்து, 'காந்திகிராமத்துல சேரலாமா' என்று வீட்டில் பேச்செடுக்கிற நாளில் அந்தக் கதவு ஏற்கெனவே சாத்தியிருக்கும். கிராமத்துப் பிள்ளைக்காகக் கட்டிய கல்வி நிலையத்துக்குள் போக, கிராமத்துப் பிள்ளை தில்லிக்காரர்கள் நடத்துகிற கணினித் தேர்வை எழுத வேண்டும். நுழைவுத் தேர்வு என்றாலே இதுதான் நடக்கும். 1984இல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்குக் கொண்டுவந்த நுழைவுத் தேர்வை, 2006இல் சட்டம் போட்டு ஒழித்தோம். பின்வாசல் வழியாக 'நீட்' வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1176 மதிப்பெண் எடுத்த அரியலூர் அனிதாவை 2017இல் நாம் இழந்தோம். அதை எதிர்த்த போராட்டம் நிற்கக் கூடாது. அதே நேரத்தில், இருக்கிற தேர்வுக்கான கடைசித் தேதியும் நம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

தேதி என்ன செய்யும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 2024இல் உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தில், தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு, தலித் மாணவனுக்கு, தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டிய பணம் 17,500 ரூபாய். ஊரில் புரட்டிச் சேர்ப்பதற்குள் கடைசி நாள் மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. இணையத்தில் பணம் ஏறவில்லை. சில நிமிடத்தில் இடம் போனது. அந்தக் குடும்பம் ஆணையங்களுக்கு அலைந்து, நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போனது. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரமான 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவனைச் சேர்க்கச் சொன்னது. செய்தியாக நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். 17,500 ரூபாய் ஒரு நாள் முன்னால் கையில் இருந்திருந்தால் 142ஆவது பிரிவு தேவைப்பட்டிருக்காது. உச்ச நீதிமன்றம் வரை போக முடியாத எத்தனை பிள்ளைகள் அதே நாளில் இடத்தை இழந்திருப்பார்கள்?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் கல்லூரிப் பேருந்து வருவதற்கு முன்னால் மில் வேன் வந்துவிடுகிறது. கல்லூரிச் சேர்க்கை நடக்கிற அதே மே, ஜூனில்தான் பஞ்சாலைகளுக்கும் ஆள் பிடிக்கிறார்கள். 'மூணு வருசம் வேலை பார்த்தா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்' என்று சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் எத்தனை பெண்களை உள்ளே தள்ளினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே நடந்த பாலியல் கொடுமைகளை எதிர்த்துத் தலித் பெண்கள் முன்னின்ற தொழிற்சங்கம் போராடித்தான் 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. வேலை செய்வது கேவலம் இல்லை, சங்கம் வைத்தவர்கள் நம் பெருமை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்ய யாருக்கும் உரிமை இல்லை. திண்டுக்கல்லிலும் நிலக்கோட்டையிலும் பெண்களுக்கென்றே அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க அண்மை ஆண்டுகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் வாங்குவது இரண்டு ரூபாய் பதிவுக் கட்டணம் மட்டும்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். தங்க ஆதிதிராவிடர் நலத்துறை விடுதி. அப்பாக்களே, அண்ணன்களே, 'பொம்பளைப் புள்ளைய வெளியூர்ல விடணுமா' என்று கேட்கிறீர்கள். மில் விடுதியில் விடும்போது அந்தக் கேள்வி ஏன் வரவில்லை?

கலந்தாய்வில் உட்காருகிறவர்களுக்கு இரண்டு சொல். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். ஐந்தாறு எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எது கிடைக்கும் என்பதை வைத்து வரிசை போடாதீர்கள், எது வேண்டும் என்பதை வைத்துப் போடுங்கள். மேலே எழுதியது கிடைக்காவிட்டால்தான் கீழே போவார்கள், எழுதுவதால் எதுவும் குறையாது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும். கடவுச்சொல்லை பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் விருப்பத்தை மாற்ற அது போதும்.

இவ்வளவையும் ஒரு மாணவர், ஒரு குடும்பம் தனியாகச் சமாளிக்க முடியுமா? முடியாது. அதனால்தான் இதை இயக்கத்தின் வேலை என்கிறேன். பாபாசாகேப் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அரசியல் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. மாநாடும் நடத்தினார், வகுப்பறையும் கட்டினார். நாம் கல்லூரி கட்ட வேண்டாம். ஊருக்கு ஒருவர் போதும். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை தன் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, யாருக்கு எந்தச் சான்றிதழ் இல்லை, எந்தத் தேதிக்குள் என்ன போட வேண்டும், யார் கடைசி நேரத்தில் பணத்துக்கு நிற்கிறார்கள் என்று பார்க்கிற ஒருவர். ஏற்கெனவே கல்லூரியில் படிக்கிற அக்கா, அண்ணன்கள் இதற்குச் சரியான ஆள். பத்து பேர் சேர்ந்து ஓர் அவசர நிதி வையுங்கள். சேர்க்கை நாளில் கட்ட, உதவித்தொகை வந்ததும் திருப்பித் தர. திருவிழாவுக்கு வரி பிரிக்கிற நமக்கு இது முடியாத காரியமா?

நோட்டு இங்கே மேசையில் இருக்கிறது. பிள்ளையின் பெயர், பள்ளி, கையில் இருக்கிற சான்றிதழ், இல்லாத சான்றிதழ், அலைபேசி எண். எழுதிவிட்டுக் கிளம்புங்கள். இல்லாத சான்றிதழ்களுக்கான மனுக்களோடு திங்கட்கிழமை காலை மனுநாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சேர்ந்து போவோம்.

ஜெய்பீம்.